பில்லில் இல்லாத மணல்

"பீச் எங்கேப்பா?" என்று கேட்டாள் மகள்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையின் தென்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். எதிரே கடல் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நமக்கும் கடலுக்கும் நடுவே கறுப்புக் கறுப்பாகப் பாறாங்கற்கள். அலை வந்து கல்லில் மோதுகிறது, தண்ணீர் தெறிக்கிறது, ஜனங்கள் செல்ஃபோனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஏழு வயதுப் பெண் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு குட்டி மண்வெட்டி. சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், வழியில் சுங்கச்சாவடிக்குத் தண்டம் அழுது, மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

"இதுக்குப் பேருதாம்மா ராக் பீச்" என்றேன்.

"ராக் எப்படிப்பா பீச் ஆகும்?"

பி.காம். சிலபஸில் இதற்கு விடை கிடையாது. பசிக்கிறது என்று பேச்சை மாற்றிச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனேன். வாரக்கடைசியில் புதுச்சேரிக்கு வரும் நாம் எல்லோரும் செய்வது அதைத்தானே?

மஞ்சள் சுவர், வாசலில் காகிதப்பூக் கொடி, போர்டில் பிரெஞ்சுப் பெயர். பெயரை எழுதப்போவதில்லை, அந்த ஒரு கடை மட்டும் அப்படி என்றால் எழுதியிருப்பேன். மெனு கார்டில் 'ராட்டட்டூய்' என்று ஒன்று இருந்தது. வரவழைத்துப் பார்த்தால் கத்தரிக்காய், குடைமிளகாய், தக்காளி போட்ட கூட்டு. தேங்காய் மட்டும் மிஸ்ஸிங். நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது. நாலு பேர் சாப்பிட்டதற்கு 2,400 ரூபாய். அதன் தலையில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 240. இரண்டையும் கூட்டி அதன்மேல் ஐந்து சதவீதம் ஜி.எஸ்.டி., 132. மொத்தம் 2,772. கவனித்தீர்களா? சர்வர் தம்பிக்கு என்று சொல்லி வாங்குகிற காசுக்கும் நாம்தான் வரி கட்டுகிறோம்.

சர்வீஸ் சார்ஜை எடுத்துவிடுங்கள் என்றேன். "எங்க பாலிசி சார்" என்றார் மேனேஜர். ஓட்டல்கள் தாமாக பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஓட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையம் சொன்னதுதான் சரி என்று தீர்ப்பளித்தது. இதையெல்லாம் சொல்லி, நுகர்வோர் உதவி எண் 1915-ஐ டயல் செய்வதுபோல ஃபோனையும் கையில் எடுத்தேன். பில் திருத்தப்பட்டது. "பக்கத்து டேபிள்ல எல்லாரும் பார்க்கிறாங்க" என்று மனைவி காலை மிதித்தாள். பார்க்கட்டும். வரியோடு சேர்த்து 252 ரூபாய் மிச்சம்.

ஜெயித்த பெருமிதத்தோடு வெளியே வந்தால், மகள் கையில் காலி வாளி.

252 ரூபாய்க்கு உயர் நீதிமன்றம் வரை பேசியாச்சு. ஒரு முழுக் கடற்கரையைக் காணோம், அதற்கு யாரிடம் போய் எதைத் திருத்தச் சொன்னேன்? நீங்கள்தான் யாரிடம் கேட்டீர்கள்?

1985-ல் எனக்கு எட்டு வயது. விழுப்புரத்திலிருந்து அப்பா எங்களை மீட்டர்கேஜ் பாசஞ்சரில் புதுச்சேரிக்குக் கூட்டிவருவார். ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்கு நடைதான். அம்மா கையில் தூக்குவாளி, அதில் புளிசாதம், மேலே வாழையிலையில் சுற்றிய வடகம். மணலில் பெட்ஷீட் விரித்துச் சாப்பிடுவோம். சாதத்தோடு மணலும் கொஞ்சம் வயிற்றுக்குள் போகும். அன்றைய செலவு ரயில் டிக்கெட், திரும்பும்போது ஆளுக்கு ஒரு டீ. கடலுக்கு யாரும் பில் போடவில்லை. ஒரு குமாஸ்தா குடும்பத்துக்குக் கட்டுப்படியான உல்லாசப் பயணம் அது.

அந்த மணல் எங்கே போனது? சுனாமியில் போகவில்லை. அது வருவதற்கு முன்பே போயாச்சு.

ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் 1986-லிருந்து 89-க்குள் துறைமுகம் கட்டினார்கள். முகத்துவாரத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு இரண்டு கல்சுவர்கள். நம்முடைய கிழக்குக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் சும்மா கிடப்பதில்லை. வருஷத்தில் பெரும்பகுதி நாள் அலையோடு சேர்ந்து தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டே இருக்கும். ஓரிடத்தில் போகிற மணலுக்குப் பதில் தெற்கிலிருந்து புது மணல் வரும். குறுக்கே சுவர் வைத்தால் என்ன ஆகும்? தெற்கே மணல் சேரும். வடக்கே போவது போய்க்கொண்டே இருக்கும், வருவது நின்றுவிடும். சம்பளம் நின்றுபோன வீட்டுச் செலவு மாதிரி.

கட்டியவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்டவேண்டும் என்று திட்டத்திலேயே இருந்தது. அதுதான் தொடர்ந்து நடக்கவில்லை. மணலுக்குப் பதில் லாரி லாரியாகக் கல் வந்தது. கல்லுக்கு 'ராக் பீச்' என்று ஸ்டைலாகப் பெயர் வைத்து, நம்மிடமே அறை வாடகை வாங்குகிறார்கள். வியாழக்கிழமை ஒரு வாடகை, சனிக்கிழமை வேறு வாடகை.

மீனவர்களுக்குத் துறைமுகம் வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாக இருக்கும் குப்பங்களும் மீனவர்களுடையவைதான். படகை ஏற்றி வைக்க, வலையை உலர்த்த அவர்களுக்கும் கரை வேண்டும். இந்த ஊர்களெல்லாம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கின்றன. சுவர் புதுச்சேரி அரசுடையது, அரிப்பு தமிழ்நாட்டுக்கு. அங்கே தூண்டில் வளைவு போட்டார்கள். அதுவும் குறுக்குச் சுவர்தான். தனக்குத் தெற்கே இருப்பவனைக் காப்பாற்றி, வடக்கே இருப்பவனிடம் கடலை அனுப்பிவைக்கும். நீங்கள் போட்டோ எடுத்துக்கொள்ளும் 'செரினிட்டி பீச்'சின் சொந்தப் பெயர் தந்திராயன்குப்பம். கரையோடு பெயரையும் பறிகொடுத்த ஊர்.

காமர்ஸ் வகுப்பில் முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பார்கள்: முதல் வேறு, வருமானம் வேறு. மெஷினை விற்று வந்த பணத்தை லாபக் கணக்கில் காட்டினால் ஆடிட்டர் கையெழுத்துப் போடமாட்டார். ஒரு கடற்கரை ஊருக்கு மெஷின் எது? மணல். சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை எல்லா உரையிலும் வருகிறது. போன மணல் எந்தக் கணக்கில் வந்தது? எந்த ஆடிட்டர் கேட்டார்?

திரும்பக் கொண்டுவரவே முடியாது என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். பாண்டிகேன் போன்ற உள்ளூர் அமைப்புகள் வருஷக்கணக்கில் கத்தினார்கள். கடைசியில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் வந்தது. கடலுக்குள், தண்ணீருக்கு அடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைத் திட்டு இறக்கி, மணலையும் கொட்டினார்கள். 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கரை திரும்ப வந்தது. கல்லை மட்டுமே பார்த்து வளர்ந்த உள்ளூர்ப் பிள்ளைகள் வாசலிலேயே மணலைப் பார்த்தார்கள். ஆக, வழி இருக்கிறது. மனசு வைத்தால் மணல் வரும், அதைத் தொடர்ந்து பராமரித்தால் நிற்கும்.

மணல் வேண்டுமென்றால் இப்போதே இருக்கிறதே, துறைமுகத்துக்குத் தெற்கே பாரடைஸ் பீச் என்பார்கள். நோணாங்குப்பத்தில் டிக்கெட் எடுத்து, சுண்ணாம்பாற்றில் படகேறிப் போகவேண்டும். அழகான இடம். நானும் போயிருக்கிறேன். ஆனால் தூக்குவாளியோடு பாசஞ்சரில் வந்து இறங்குகிற குடும்பத்துக்கு, நடந்து போகிற தூரத்தில் டிக்கெட் இல்லாத மணல் இருந்ததே, அதைப் பற்றித்தான் பேசுகிறேன். எடுத்தது இலவசக் கடற்கரையை, காட்டுவது டிக்கெட் கடற்கரையை.

ஓட்டல்காரர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. பத்து சதவீதத்துக்காகச் சங்கம் சேர்ந்து டெல்லி வரை வழக்காடத் தெரிகிறது. அந்த வேகத்தில் பாதியை மணல் விஷயத்தில் காட்டினால் என்ன? கரை இருந்தால்தானே கல்லா?

அதைவிடக் கோபம் நம்மேல். சாம்பார் ஆறியிருந்தால் மேனேஜரைக் கூப்பிடுகிறோம். ஏ.சி. ஓடவில்லையென்றால் ரிசப்ஷனில் சண்டை போடுகிறோம். பீச் இல்லாத பீச் ஊரில் இரண்டு ராத்திரிக்குப் பணம் கட்டிவிட்டு, 'சூப்பர் ட்ரிப்' என்று சொல்லித் திரும்புகிறோம்.

அந்த 252 ரூபாய் இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. அதில் 10 ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர் எடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி புதுச்சேரி துறைமுகத் துறைக்கு ஒரு மனு போடப்போகிறேன். கேள்வி ஒன்றே ஒன்று: 'துறைமுகத்தின் தெற்கே சேர்ந்த மணலில், 1989-லிருந்து வருஷவாரியாக எத்தனை கன மீட்டர் எடுத்து வடக்கே கொட்டினீர்கள்?'

நீங்களும் போடுங்கள். அடுத்த சனிக்கிழமை புதுச்சேரிக்குப் போகிறவர்கள் அவசியம் போடுங்கள். பதில் வந்தால் ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள். வாளியும் மண்வெட்டியும் கார் டிக்கியிலேயே கிடக்கின்றன.