பிராணவாயுவுக்கும் அளவு உண்டு

2021 மே 10ஆம் தேதி இரவு, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரவேண்டிய லாரி தாமதித்ததால் திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் பிராணவாயுவின் அழுத்தம் குறைந்து, அரசுக் கணக்குப்படியே 11 கொரோனா நோயாளிகள் மாண்டுபோன பிறகு, அந்த வாயு எவ்வளவு கிடைத்தாலும் தகும் என்ற எண்ணம் சித்தூர்ச் சீமை ஜனங்களின் மனத்தில் வேரூன்றிவிட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால், ஏழு மாதம்கூட நிறையாமல், ஒரு கிலோ எடையோடு பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் சிசுவுக்கு அது குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு.

இந்த உண்மையைக் கற்றுக்கொள்ள வைத்திய சாஸ்திரமே பெரிய விலை கொடுத்திருக்கிறது. குறைமாதக் குழந்தையின் நுண்ணிய காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் படலம் அதன் நுரையீரலில் போதிய அளவு சுரப்பதில்லை என்று மேரி எல்லன் ஏவரி 1959இல் எடுத்துக்காட்டினார். என்றாலும் 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, அந்த நோயாலேயே இரண்டு நாளில் இறந்தான். பிறகு யந்திர சுவாசம் வந்தது. பிழைக்கமாட்டா என்று கைவிடப்பட்ட குழந்தைகள் பிழைத்தன. அப்படிப் பிழைத்தவற்றின் நுரையீரல் தழும்பேறிக் கிடப்பதைக் கண்டு, 1967இல் ஸ்டான்ஃபோர்டில் நார்த்வேயும் அவருடைய சகாக்களும் பிராங்கோபல்மோனரி டிஸ்பிளாசியா என்ற புதிய வியாதியை உலகுக்கு அறிவித்தார்கள். யந்திரத்தின் அழுத்தமும் செறிந்த பிராணவாயுவும், அதாவது உயிர் காத்த சிகிச்சையே, அதற்குக் காரணங்களாக நின்றன. இன்று இன்னும் சிறிய சிசுக்கள் பிழைக்கின்றன. அவற்றிடம் தழும்பைக் காட்டிலும், காற்றறைகளின் வளர்ச்சி பாதியில் நின்றுவிடுவதே பெரிய குறையாகக் காணப்படுகிறது.

கண்ணின் கதையும் இதை ஒட்டியதே; மிகுந்த பிராணவாயு குறைமாதக் குழந்தையின் விழித்திரையையும் கெடுக்கும். 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆவது வாரத்தில் பிறந்த பெண் குழந்தை ஒன்று, விழித்திரையை உரிய காலத்தில் பரிசோதிக்காததால் பார்வையிழந்தது. உச்சநீதிமன்றம் 2015இல் சுமார் 1.8 கோடி ரூபாய் நஷ்டஈடு விதித்தது. சரி, பிராணவாயுவைக் குறைத்தே கொடுத்துவிடலாமே என்றால், அமெரிக்காவில் 2010இல் வெளியான பெரிய ஆராய்ச்சியில், குறைத்துக் கொடுத்த பிரிவில் கண் கெட்டது குறைவு, இறந்தது அதிகம். ஆகையால்தான் ரத்தத்தில் பிராணவாயுச் செறிவை 90 சதவீதத்துக்கும் 95 சதவீதத்துக்கும் இடைப்பட்ட குறுகிய வரம்பில் நிறுத்த இரவு பகலாக ஒருவர் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

நவீன சிகிச்சையின் போக்கு முழுவதும் இப்போது மென்மையை நோக்கியே செல்கிறது. தொண்டைக்குள் குழாய் செலுத்தாமல், மூக்கின் வழியே காற்றைத் தந்து, மறுமுனையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அழுத்தம் காக்கும் பபிள் சிபாப். மூச்சை மறக்கும் சிசுவுக்கு அதை நினைவூட்டும் காஃபீன் (ஆம், நம் காலைக் காப்பியில் இருக்கும் அதே வஸ்து). காலம் வருமுன் வலி கண்ட தாய்க்கு, லிக்கின்ஸும் ஹோவியும் 1972இல் வழிகாட்டிய ஸ்டீராய்டு ஊசி. தாயின் மார்போடு அணைத்து வைப்பதோ எல்லாவற்றிலும் எளியது; பிறந்த உடனே அதைத் தொடங்கினால் சாவு நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு குறைகிறது என்பதை, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆராய்ச்சி நிரூபித்தது.

திருப்பதி தானத்துக்குப் பேர்போன க்ஷேத்திரம். தேவஸ்தானம் 2021இல் குழந்தைகளுக்கென்றே பத்மாவதி ஹிருதயாலயம் திறந்ததை மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் நம் தனவந்தர்களுக்குப் பெயர்ப்பலகை பொறித்த வெண்டிலேட்டரின் மேல் இருக்கும் மோகம், பிராணவாயுவோடு சாதாரணக் காற்றை அளந்து கலக்கும் பிளெண்டர் என்ற சிறு கருவியின் மேல் இல்லை. அது இல்லாத இடத்தில் சிசுவுக்குக் கலப்பற்ற பிராணவாயுவே போகிறது. இரவு ஷிப்டில் இன்னொரு செவிலியருக்குச் சம்பளம் கொடுக்கவோ, தாய் சிசுவோடு படுக்க ஒரு கட்டில் போடவோ எவரும் நன்கொடை அளித்து நான் கேள்விப்பட்டதில்லை.

வீடு திரும்பிய பிறகு நேர்வதை இன்னும் குறைவாகவே பேசுகிறோம். பிராங்கோபல்மோனரி டிஸ்பிளாசியா உள்ள குழந்தைக்கு முதல் இரண்டு வருஷங்களில் ஒரு சாதாரண ஜலதோஷமே மறுபடியும் வார்டு வாசலைக் காட்டிவிடும்; விறகடுப்புப் புகை அதற்கு விஷம். குப்பத்திலிருந்து திருப்பதிக்கு வருவதே பல மணி நேரப் பிரயாணம். சித்தூர்க்காரருக்கோ வேலூர்தான் கிட்ட, நடுவே ஒரு மாநில எல்லை. இந்நிலையில், எந்த ஆஸ்பத்திரி சிசுவை வீட்டுக்கு அனுப்புகிறதோ அதுவே பிராணவாயு கொடுத்த நாட்கள், கண் பரிசோதனைத் தேதி, அடுத்து யாரைப் பார்ப்பது என்பவற்றைத் தாய்க்குப் புரியும் பாஷையில், தெலுங்கானால் தெலுங்கில், தமிழானால் தமிழில், ஒரு தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும். ஊரிலுள்ள ஆஷா பணியாளரிடமும் அதன் பிரதி ஒன்று சேரவேண்டும். இதற்கு வெளிநாட்டு யந்திரம் எதுவும் தேவையில்லை. இரு மாநில சுகாதார இலாகாக்களும் மனம் வைத்தால் ஒரு சுற்றறிக்கையே போதும்.