கல்லாவுக்கு ஒரு வழி, வாடிக்கையாளருக்கு ஒரு வழி

மூட்டை இறக்கும் வாசலும் வாடிக்கையாளர் வரும் வாசலும் ஒன்றாக இருந்தால் இரண்டு வேலையும் கெடும். இது நாம் அனைவரும் அறிந்ததே. ஆனால் கடையில் வைஃபை வைக்கும்போது மட்டும் இந்த ஒழுங்கை மறந்துவிடுகிறோம்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் இன்று சிறு மளிகைக் கடையிலும் யுபிஐ அட்டை தொங்குகிறது. கடைக்குள் போனில் சிக்னல் கிடைக்காத வாடிக்கையாளர், "அண்ணாச்சி, வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்க" என்கிறார். பணம் வந்தால் சரி என்று நாமும் சொல்லிவிடுகிறோம். அதே இணைப்பில்தான் நம் பில் கம்ப்யூட்டரும் கேமராவும் ஓடுகின்றன. வாசலில் நாலு பேர் படம் பார்த்தால் கல்லாவில் பில் நகராது. மொத்த வியாபாரிக்கு இது இன்னும் பெரிய தொல்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் மற்ற வணிகருக்கு விற்கும் சரக்குக்கு இ-இன்வாய்ஸ் எடுத்தாக வேண்டும். நெட் நின்றால் லாரியும் நிற்கும்.

வேகம் மட்டுமல்ல, பொறுப்பும் நம்முடையதே. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தபோது, மிரட்டல் மின்னஞ்சல் நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டில்லாத வைஃபை வழியாகப் போயிருந்தது. முதலில் விசாரணைக்கு ஆளானவர் அந்த வீட்டில் குடியிருந்தவர்தான்.

அதற்காக யாருக்கும் வைஃபை கொடுக்காதே என்று சிலர் சொல்வதை நாம் ஏற்பதற்கில்லை. பெரிய கடைகளோடு போட்டியிடும் காலத்தில் வந்தவரைத் திருப்பி அனுப்பலாமா? வழியைப் பிரித்துவிட்டால் போதும்.

இப்போதைய ரூட்டர்கள் பலவற்றில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற வசதி உண்டு. அதற்குத் தனிப் பெயரும் தனி பாஸ்வேர்டும் வைத்து, அடிக்கடி மாற்ற வேண்டும். அதில் சேர்பவர் நம் கம்ப்யூட்டர் பக்கம் வர முடியாதபடி அமைக்க வேண்டும். வேக வரம்பு வைக்கும் வசதி இருந்தால் அதையும் போட வேண்டும். யாருக்கு முதல் உரிமை என்று குறிக்கும் 'கியூஓஎஸ்' இருந்தால் பில் கம்ப்யூட்டரை முதலில் நிறுத்த வேண்டும். அந்தக் கம்ப்யூட்டருக்கு வைஃபையை விடக் கேபிள் நல்லது. ரூட்டரோடு வந்த நிர்வாக பாஸ்வேர்டை அன்றே மாற்றுவது அவசியம். கடைகள் நெருங்கிய இடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய சேனல்களே ஒன்றோடொன்று மோதாதவை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பேசிப் பிரித்துக்கொள்ளலாம்.

வைஃபையைக் காசுக்குக் கொடுக்க விரும்புவோருக்கு, மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் அளித்த பி.எம்.-வாணி திட்டம் இருக்கிறது. சிறு கடைக்கு லைசென்ஸ் தேவையில்லை. வாடிக்கையாளர் கணக்கையும் சரிபார்ப்பையும் இடையிலுள்ள நிறுவனம் பார்த்துக்கொள்ளும்.

ஒவ்வொரு பகுதிச் சங்கமும் விவரம் தெரிந்த ஒருவரை அழைத்து, ஒரு விடுமுறை நாளில் உறுப்பினர்களுக்கு இதைச் செய்து காட்ட வேண்டும் என்பது நம் கோரிக்கை. தராசைச் சரிபார்த்து முத்திரை வாங்கும் நாம், இதையும் சரிபார்க்கத் தயங்கலாகாது.