சக்கரத்தின் மேல் ஒரு வீடு

மேல்நாடுகளிலே பனிக்காலம் நெருங்கியதும் ஒரு சாரார் தம் வீட்டைப் பூட்டிவிட்டு, வேறொரு வீட்டில் ஏறிப் புறப்பட்டுவிடுகின்றனர். அந்த வீட்டுக்குச் சக்கரங்கள் உண்டு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் அதனுள்ளேயே அமைந்திருக்கும். கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் உள்ள முதியோர் பலர் இவ்விதம் புளோரிடா, அரிசோனா முதலிய வெப்பமான பிரதேசங்களுக்குச் சென்று, இளவேனில் பிறந்த பின்னரே ஊர் திரும்புவர். அவர்களைப் 'பனிப்பறவைகள்' என்று அந்நாட்டார் செல்லமாக அழைப்பதுண்டு.

நம்முடைய வழக்கமோ இதற்கு நேர்மாறானது. அவர்கள் குளிருக்கு அஞ்சி ஓடுகின்றனர். நாம் குளிரைத் தேடி ஓடுகின்றோம். டிசம்பர் மாதப் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்கிவிட்டால், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலுமுள்ள குடும்பங்கள் ஒரு வானை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு மலைநாட்டுக்குப் புறப்பட்டுவிடும். படுக்கையும் அடுப்பும் பொருத்திய வண்டிகளும் இப்போது நம் நாட்டில் வாடகைக்குக் கிடைக்கின்றன. அவை கிடையாதவர்க்கும் குறைவில்லை. அம்மம்மா முன் ஆசனத்தில், குழந்தைகள் பின்னால், காலடியில் இடியப்பப் பெட்டி, இடுக்கில் பாயும் தலையணையும் என்று நம்மவர் ஏறிய வான் எதுவும் அரைமணி நேரத்தில் வீடாகிவிடும் அன்றோ! இத்தகைய பிரயாணத்துக்கு ஆயத்தமாகும் வாசகர்களுக்கு, இம்மலைகளின் நடுவே ஆசிரியத் தொழில் புரிபவன் என்ற முறையிற் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, குளிர். நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை ஆறு அல்லது ஆறரைப் பாகை குறைகின்றது. எனவே கொழும்பில் 27 பாகையாக இருக்கும் வேளையில் இங்கே 15 பாகையளவே இருத்தல் இயல்பு. சனவரி, பெப்ரவரி மாதங்களில் வானத்தில் முகிலே இல்லாத இரவுகள் வரும். முகில் என்பது பூமிக்குப் போர்வை. போர்வை விலகிய இரவில் நிலத்தின் வெப்பமெல்லாம் வானுக்குப் போய்விட, குளிர்ந்த காற்று பாரமாகிப் பள்ளங்களில் இறங்கித் தேங்கும். விடியற்காலையிற் புல்நுனியிலே வெண்மையாக உறைபனி படிந்திருக்கும். வந்தவர்களுக்கு அது வேடிக்கை. ஆனால் அதே உறைபனி தேயிலைக் கொழுந்தையும் கருக்கிவிடும். கொழுந்தின் நிறையைக் கொண்டு வருவாயைக் கணக்கிடும் குடும்பத்துக்கு அது நட்டம்.

வண்டியினுள்ளே உறங்குவோர் ஒன்றை மறத்தலாகாது. குளிர் தாங்காமல் யன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டு, உள்ளே அடுப்பை எரியவிட்டோ இயந்திரத்தை ஓடவிட்டோ படுப்பது பேராபத்து. அடைத்த இடத்தில் எரியும் நெருப்பிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவர் விழிக்காமலே போய்விடுவர். கம்பளியை அதிகமாக எடுத்துச் செல்லுங்கள். சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். யன்னலில் இரண்டு விரல் இடைவெளி எப்போதும் இருக்கட்டும்.

இரண்டாவது, வீதி. கண்டிப் பக்கமிருந்து வருபவர்கள் கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறுவர். கொழும்பிலிருந்து வருபவர்கள் அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை கடந்து ஹட்டனை அடைந்து, தலவாக்கலை வழியாகச் செல்வர். இரண்டும் அழகான வீதிகள். இரண்டும் வளைவுகள் மலிந்தவை.

"சேர், மலை ஏறும்போதுதானே இயந்திரத்துக்குக் கஷ்டம்? இறங்கும்போது என்ன பயம்?" என்று வகுப்பிலே ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. கணக்கிட்டுப் பார்ப்போம் என்று கரும்பலகையில் எழுதினோம். ஆட்களோடு சேர்த்து 2,000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு வான் 1,000 மீற்றர் உயரத்திலிருந்து கீழே இறங்கினால், அது இழக்கும் சக்தி ஏறக்குறைய இரண்டு கோடி யூல். சாதாரண வெப்பநிலையிலுள்ள 58 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அதில் ஒரு பங்கைக் காற்று ஏற்றுக்கொள்ளும். மீதியை ஏற்பது யார்? சாரதி தாழ்ந்த கியரில் இறங்கினால் இயந்திரம் பெரும்பகுதியை ஏற்கும். உயர்ந்த கியரில் வண்டியை ஓடவிட்டு ஓயாமற் பிரேக்கை மிதித்தால், அத்தனை வெப்பமும் பிரேக்குக்கே போய்ச்சேரும். பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதிக்கும் கால் பஞ்சில் அழுந்துவது போல் அழுந்தும், வண்டி நில்லாது. ஆதலால் பழைய சாரதிகள் சொல்லும் விதி ஒன்றுண்டு: எந்தக் கியரில் ஏறுவாயோ, அந்தக் கியரிலேயே இறங்கு.

இது வெறும் பாடப்புத்தக விடயமன்று. 2023 சனவரி 20ஆம் திகதி நானுஓயாவுக்கு அண்மையில், ரதல்லைக் குறுக்கு வீதியின் இறக்கத்திலே, மாணவர்கள் சுற்றுலா சென்ற பேருந்து ஒன்று வானொன்றுடனும் முச்சக்கர வண்டியொன்றுடனும் மோதியதில் ஏழு பேர் உயிரிழந்தனர். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை, கரண்டியெல்லையில் ஒரு பேருந்து பள்ளத்தில் வீழ்ந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாகனத்தை அமர்த்தும்போது வாடகையைப் பற்றி அரைமணி நேரம் பேரம் பேசும் நாம், பிரேக்கையும் சில்லுகளையும் பற்றி ஐந்து நிமிடமாவது விசாரிக்க வேண்டாமா? சாரதி இரவில் உறங்கினாரா என்று கேட்க வேண்டாமா? விடியற்காலையிற் புறப்பட்டு, பிற்பகலில் மூடுபனி இறங்குமுன் சேருமிடத்தை அடைவதே உத்தமம். மூடுபனியில் அகப்பட்டால் முன்விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்திய ஒளி நீர்த்துளிகளில் பட்டுத் தெறித்து நம் கண்ணையே கூசச் செய்யும்.

மூன்றாவது, மலையின் மனம். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் கொணர்ந்த பெருமழையில் மலைநாட்டின் சரிவுகள் பல இடங்களிற் சரிந்தன. நாட்டில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். வீதிகளும் புகையிரதப் பாதையும் துண்டிக்கப்பட்டன. மழைக்குப் பின் வெயில் எறித்துவிட்டதென்று மலையை நம்பிவிடலாகாது. மண் உள்ளே ஊறியே இருக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் வெளியிடுகின்றது. பிரயாணத்துக்கு முதல் நாள் அதைப் பார்த்துக்கொள்வது, சாமான் பட்டியலில் முதலாவதாக எழுத வேண்டியது. வண்டியைச் செங்குத்தான மண் மேட்டின் அடியிலோ ஓடைக்கரையிலோ நிறுத்தி இரவைக் கழித்தல் கூடாது.

நான்காவதாகச் சொல்ல வேண்டியது, இந்த வீதியோரத்து மனிதர்களைப் பற்றி. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைக்குமாகத் தமிழகத்திலிருந்து வந்த இவர்களின் மூதாதையர் செய்த பிரயாணத்துக்குச் சக்கரம் இருக்கவில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். சட்டியும் பானையும் தலையில், பிள்ளை இடுப்பில், அவ்வளவுதான் வீடு. வழியிலே பசியாலும் வாந்திபேதியாலும் மடிந்தவர் பலர். அந்த வருகையின் 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து, 2023 சூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபவனி புறப்பட்டு, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. அதில் நடந்தவர்கள் கேட்டவற்றுள் காணியுரிமையும் ஒன்று.

ஏனெனில், இம்மலைச் சரிவுகளில் வரிசையாகத் தெரியும் லயங்களிலே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும், தாம் வாழும் அறைக்கு உறுதிப் பத்திரம் இல்லாதவர்கள் இன்னும் பலர். மழை பெய்யும்போதெல்லாம் அச்சரிவின் கீழ் உறக்கமின்றி இருப்பவர்களும் அவர்களே. நாம் இரண்டு நாளைக்கு வாடகை கொடுத்த சக்கர வீட்டை 'எங்கள் வண்டி' என்கிறோம். அவர்கள் இருநூறாண்டு உழைத்த நிலத்தை 'எங்கள் வீடு' என்று எழுத்திற் காட்ட இயலவில்லை.

ஆகவே, வாசக நேயர்களே, கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கண்டதும் வண்டியை நிறுத்திப் புகைப்படக் கருவியை நீட்டாதீர்கள். "அக்கா, படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள், அவர் வேண்டாமென்றால் வணங்கிச் செல்லுங்கள். தேயிலை மலைக்குள் இறங்கிச் செடியை மிதிக்காதீர்கள். சோற்றுப் பொதியின் தாளை ஓடையில் எறியாதீர்கள். கீழேயுள்ள லயத்துக்கு அதுவே குடிநீராக இருக்கலாம். மூடுபனியிலே பாடசாலைக்கு நடந்துபோகும் பிள்ளைகள் வீதியோரத்தில் இருப்பார்கள் என்பதைச் சாரதிக்கு நினைவூட்டுங்கள். கரட்டும் லீக்ஸும் வாங்கும்போது பத்து ரூபாவுக்காக வாதாடாதீர்கள்.

மாணவர்கள் பின் ஆசனத்தில் உறங்கிவிடாமல் யன்னலோரம் அமர்ந்து வரட்டும். முகிலையும் அருவியையும் பார்க்கட்டும், லயத்தையும் பார்க்கட்டும். "அங்கே இருப்பவர்கள் யார்?" என்று பிள்ளை கேட்டால், பெற்றோர் விடை சொல்ல ஆயத்தமாக இருத்தல் வேண்டும். கம்பளியையும் கட்டுச்சோற்றையும் போலவே அதுவும் வீட்டிலிருந்து எடுத்துச் செல்ல வேண்டிய பொருளேயாகும்.