ஒன்றும் ஒன்றும் இரண்டுதானா?



ஒன்றும் ஒன்றும் எத்தனை? "இரண்டு" என்பீர்கள். கணக்குப் பாடத்தில் அது சரி. ஆனால் ஆபத்துகளைக் கூட்டினால் விடை சில நேரம் பத்தாகிவிடும். வடசென்னையில் உள்ள எண்ணூரைப் பாருங்கள்.

அங்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிறது. முகத்துவாரத்தை நம்பி மீனவர்கள் வாழ்கிறார்கள். சுற்றிலும் அனல்மின் நிலையம், துறைமுகம், உரத் தொழிற்சாலை. பக்கத்தில் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னையே வெள்ளக்காடானது. வெறும் மழைநீர் என்றால் வடிந்ததும் வீட்டைக் கழுவிவிடலாம். இங்கோ மணலிப் பகுதியிலிருந்து கசிந்த எண்ணெயும் வெள்ளத்தோடு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்தது. வீட்டுச் சுவரிலும் படகிலும் வலையிலும் கறுப்புப் பிசுக்கு. மீனவர்கள் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள்.

கறை போகும் முன்பே, டிசம்பர் 26 நள்ளிரவில் அடுத்த அடி! கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிந்து, மூச்சுத் திணறி மக்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். புயலின்போது பாறைகள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று அரசு அமைத்த குழு கருதியது.

பார்த்தீர்களா? புயல் இயற்கை. எண்ணெயும் அமோனியாவும் மனிதன் வைத்தவை. ஒன்று மற்றொன்றைத் தட்டி எழுப்பிவிட்டது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. புயல் வந்தால் "வீட்டுக்குள் இருங்கள்" என்கிறோம். வாயு கசிந்தால், மூக்கில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போகச் சொல்கிறோம். இரண்டும் ஒரே இரவில் வந்தால்? வெளியே புயல், உள்ளே நெடி. எந்தப் பக்கம் போவது? ஆபத்துகளைத் தனித்தனியாக எண்ணித் திட்டம் போட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. ஒரே வரைபடத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அபாயச் சங்கு எது, ஓடும் வழி எது என்பது அங்குள்ள சிறுவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்களும் செய்யலாம். உங்கள் தெருவை வரையுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்தை நீல நிறத்திலும், டிரான்ஸ்ஃபார்மர், பெட்ரோல் பங்க், சிலிண்டர் கிடங்கு ஆகியவற்றைச் சிவப்பிலும் குறியுங்கள். நீலமும் சிவப்பும் எங்கே தொடுகின்றன? அந்த இடத்தை முதலில் அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். பிறகு ஆசிரியரிடம் காட்டுங்கள். கேள்வி கேட்கும் பிள்ளை இருக்கும் தெரு விழித்திருக்கும் தெரு!