கோரிக்கை மனு: வளர்ப்பு இல்லக் கோப்புகளில் துப்பாக்கி விவரம் எழுதி வைப்பதை நிறுத்தக் கோருதல்

அனுப்புநர்:
செயலாளர், வளர்ப்புப் பெற்றோர் சங்கம்

பெறுநர்:
உரிம அதிகாரி அவர்கள், வளர்ப்பு இல்ல உரிமப் பிரிவு, புளோரிடா

பார்வை: இதே பொருள் குறித்த எங்கள் மூன்று கடிதங்கள்

ஐயா,

நீதிமன்ற உத்தரவால் பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பராமரிக்கும், தங்களிடம் உரிமம் பெற்ற குடும்பங்களின் சங்கம் இது.

பார்வையில் கண்ட கடிதங்கள் எதற்கும் பதில் வரவில்லை. எனவே அவற்றில் சொன்னதையே மீண்டும் எழுதுகிறோம். ஆய்வுக்கு வருபவர், துப்பாக்கி பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், எத்தனை, என்ன வகை, வரிசை எண் என்ன, எந்த அறையில் என்று படிவத்தில் எழுதிச் செல்வது எந்த விதியின்படி என்று முதல் கடிதத்தில் கேட்டோம். அந்தத் தாளை யாரெல்லாம் பார்க்கலாம், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்று இரண்டாவதில் கேட்டோம். மூன்றாவது, முதலிரண்டுக்கும் நினைவூட்டல்.

துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொல்வதை நாங்கள் எதிர்க்கவில்லை. 1989 முதல் இம்மாநிலச் சட்டம், தோட்டா நிரப்பிய துப்பாக்கி 16 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டாதபடி வைக்கச் சொல்கிறது. எங்களிடம் வரும் பிள்ளைகளில் 17 வயதினரும் உண்டு. மனம் உடைந்து வருபவர்களும் உண்டு. அவர்களுக்காக, சட்டம் கேட்பதைவிடக் கூடுதலாகவே பூட்டி வைக்கச் சம்மதிக்கிறோம். பெட்டகத்தை வந்து பார்க்கலாம், பூட்டை இழுத்தும் பார்க்கலாம். "பார்த்தேன், பூட்டியிருக்கிறது" என்று ஒரு வரி எழுதிக்கொள்ளட்டும். அதற்கு மேல் எழுதுவதைத்தான் ஏற்க முடியாது.

2004-இல் இயற்றப்பட்ட புளோரிடா சட்டம், பிரிவு 790.335-ஐத் தங்கள் பார்வைக்கு மீண்டும் வைக்கிறோம். தனிநபர் துப்பாக்கிகளையோ அவற்றின் உரிமையாளர்களையோ பட்டியலிட்டு வைக்கக் கூடாது என்கிறது அது. தடை அரசுத் துறைக்கு மட்டுமன்று, தனியாருக்கும் உண்டு. ஆகவே, ஆய்வு செய்தது ஒப்பந்த முகமை என்ற பதில் செல்லாது. நிர்வாகத்துக்குத் தெரிந்தே பட்டியல் வைத்திருந்தால் அபராதம் 50 லட்சம் டாலர் வரை போகலாம். வீடு வீடாக வரிசை எண்ணுடன் எழுதி ஒரே அலமாரியில் அடுக்கிய படிவங்களுக்குப் பட்டியல் என்பதைத் தவிர வேறு பெயர் இருந்தால் தெரிவியுங்கள்.

2010 முதல் நடப்பில் உள்ள பிரிவு 63.0422, தத்தெடுக்க வருபவரை, அவர் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கி விவரத்தை வெளியிடும்படி முகமைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. எங்களில் பலர் முதலில் வளர்த்து, பின்பு அதே பிள்ளையைத் தத்தெடுப்பவர்கள். தத்தெடுக்கும் நாளில் கேட்கக் கூடாததை, வளர்க்கும் நாளில் எழுதி வைப்பது எப்படிச் சரியாகும்?

இது வெறும் சட்ட வாதமன்று. வழக்குப் பணியாளர்கள் அடிக்கடி மாறுகிறார்கள், கோப்பும் கைமாறுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த கோபத்தில் இருக்கும் உறவினருக்கு, எந்த வீட்டில், எந்த அறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துபோனால் அந்த வீட்டின் கதி என்ன? திருடனுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்குமா? அடித்த கணவனிடமிருந்து தப்பி வந்து, தற்காப்புக்கென ஒன்று வாங்கி வைத்திருக்கும் பெண்ணும் எங்கள் உறுப்பினர்தான். அவர் அந்தப் படிவத்தில் கையெழுத்திட மறுக்கிறார். பிள்ளைகளை வைத்துக்கொள்ள மறுக்கவில்லை. அவரைப் போன்றவர்களை இழந்தால், பிள்ளைகளை எங்கே கொண்டு போய் விடுவீர்கள்?

ஆகவே, வரிசை எண், வகை, எண்ணிக்கை, இடம் ஆகிய நான்கு கட்டங்களையும் படிவத்திலிருந்து நீக்க வேண்டும். ஏற்கெனவே எழுதியவற்றை அழித்து, அழித்ததை ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கையெழுத்திட மறுத்தவர்களின் உரிமப் புதுப்பிப்பை அதே காரணத்துக்காக நிறுத்தி வைக்கக் கூடாது.

மேலும், பெறப்படும் கடிதங்களுக்கு ஒப்புகை அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முப்பது நாட்களுக்குள், தங்கள் கையொப்பத்துடன், எந்த விதியின்படி என்பதைக் குறிப்பிட்டுப் பதில் அளிக்க வேண்டுகிறோம். பதில் வராவிட்டால் பிரிவு 790.335-இன் கீழ் மாநில அரசு வழக்கறிஞரிடம் புகார் அளிக்கச் செயற்குழு தீர்மானித்துள்ளது.

இப்படிக்கு,
செயலாளர்
(செயற்குழுவுக்காக)