ஆண்மைக் கடையில் புதுச்சரக்கு

ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளை விளம்பரம் செய்யும் முன் மாநில உரிம அதிகாரியிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்று சொல்லிவந்த 170-ஆவது விதிக்கு ஆயுள் ஆறு ஆண்டுகூட இல்லை. 2018 டிசம்பரில் வந்தது. 2024 ஜூலை 1-ஆம் தேதி மத்திய ஆயுஷ் அமைச்சகமே அதை நீக்கியது. பதஞ்சலி நிறுவனத்தின் மருந்து விளம்பரங்கள் பற்றிய வழக்கில் கொதித்துப்போயிருந்த உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே அந்த நீக்கத்துக்குத் தடை போட்டது. அந்தத் தடையும் 2025 ஆகஸ்ட் 11-இல் வழக்கோடு சேர்ந்து முடிந்துபோனது. அரசு எடுத்துவிட்ட விதியை நீதிமன்றம் உயிரோடு வைத்திருக்க முடியாது என்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். விதியைத் தூக்கி எறிந்த அமைச்சகத்துக்கு அந்தச் சமாதானம் கிடையாது.

இதனால் யாருக்கு லாபம் என்று அறிய தில்லிக்குப் போக வேண்டியதில்லை. பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து குறுக்குச்சாலை வழியாகத் தூத்துக்குடி வந்து இறங்கி, பஸ் நிலையக் கழிப்பறைச் சுவரைப் பார்த்தால் போதும். ‘ஆண்மைக் குறைவா?’ என்று கேட்கும் நோட்டீஸ். கீழே லாட்ஜ் பெயர், அறை எண், எந்தத் தேதியில் எந்த ஊரில் முகாம் என்ற பட்டியல். தமிழ்நாட்டில் நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு மனப்பாடமான வாசகங்கள் இவை. அதே கேள்வி இப்போது செல்போனில் வேறு உடுப்போடு வருகிறது. நீலப் பின்னணியில் மிதக்கும் உயிரணு, வெள்ளைக் கோட்டு, ‘ஸ்டெம் செல் சிகிச்சை’, ‘உங்கள் உடலிலிருந்தே எடுப்பதால் பக்கவிளைவு இல்லை’, ‘இனி மாத்திரையே வேண்டாம்’. பழைய கள், புது மொந்தை. லேகியத்துக்கு ஆயிரங்களில் பிடுங்கினார்கள். ஊசிக்கு லட்சங்களில் கேட்கிறார்கள்.

170-ஆவது விதி ஸ்டெம் செல்லுக்குப் பொருந்தாதே என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். பொருந்தாதுதான். ஆனால் ஆண்மை விற்பவன்மீது அரசு கை வைக்காது என்ற சேதி லேகியக்காரனுக்கு மட்டுமா போய்ச் சேருகிறது?

சிகிச்சை என்று சொல்லப்படுவது என்ன என்று முதலில் பார்ப்போம். அடிவயிற்றில் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். அதை நொதி சேர்த்துக் கரைத்து, சுழற்றிப் பிரித்து, அடியில் படியும், ஸ்டெம் செல் அடங்கிய உயிரணுக் கலவையை ஆண்குறியின் பஞ்சு போன்ற திசுவுக்குள் செலுத்துகிறார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்தும் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்தும்கூட உயிரணு எடுப்பதுண்டு. நைந்துபோன ரத்தக்குழாயையும் நரம்பையும் இவை புதுப்பிக்கும் என்பது எதிர்பார்ப்பு. எலிகளில் நல்ல பலன் கிடைத்திருக்கிறது.

மனிதர்களில்? 2010-இல் தென்கொரியாவில் சர்க்கரை நோயாளிகள் 7 பேருக்குத் தொப்புள்கொடி ரத்த ஸ்டெம் செல் செலுத்திய ஆய்வு வெளியானது. விறைப்பு ஓரளவு திரும்பினாலும் உறவுக்கு அது போதவில்லை. மாத்திரையும் சேர்ந்தபோதுதான் இருவருக்குக் கைகூடியது. டென்மார்க்கின் ஓடன்சேயில் புராஸ்டேட் அகற்றப்பட்ட 17 பேருக்குக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லைச் செலுத்தினார்கள். 2016-இல் முடிவு வந்தது. 8 பேர் உறவுக்குப் போதுமான விறைப்பைப் பெற்றார்கள். உலகமெங்கும் தலைப்புச் செய்தியான எண் இது. அந்த ஆய்வில் வெறும் உப்புநீர் ஊசி போட்டு ஒப்பிட இன்னொரு குழு இல்லை என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு இரண்டு ஆண்டுவரைகூட நரம்பு தானாகத் தேறும் என்பதையும் சொல்வதில்லை.

ஒப்பிட ஒரு குழு இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்? இந்த நோயில் குடிமுழுகும். அதைப் புரிந்துகொள்ள ஓர் எண் போதும். இந்த விவகாரத்தில் வாய்திறக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய எண் அது: 22.

1998-இல் வயாகராவை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஆய்வு, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. சில்டெனாஃபில் சாப்பிட்டவர்களின் உறவு முயற்சிகளில் நூற்றுக்கு 69 வெற்றி. மருந்தே இல்லாத, பார்வைக்கு மட்டும் அதே போலிருந்த வெற்று மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு நூற்றுக்கு 22. ஏற்கெனவே விறைப்புக் குறைபாடு என்று கண்டறியப்பட்டவர்கள் இவர்கள். வெறும் மாவை விழுங்கி, நூறில் 22 முறை ஜெயித்திருக்கிறார்கள்.

இதில் மாயம் எதுவுமில்லை. விறைப்பு என்பது தசை இறுகுவதால் வருவதல்ல, தளர்வதால் வருவது. நைட்ரிக் ஆக்சைடு சுரந்து, குழாய்ச் சுவரின் மென்தசை தளர்ந்து, ரத்தம் பாய்ந்து நிரம்ப வேண்டும். ‘இன்றைக்கும் முடியாமல் போய்விடுமோ’ என்ற பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அதே தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பயம் விலகினால் பிடி தளரும். கைராசி வைத்தியர் என்ற நம்பிக்கை பயத்தை விலக்கும். ஒரு லட்சம் ரூபாய் கட்டிவிட்டோம் என்ற நம்பிக்கையும் விலக்கும். அதிலும், குணமா இல்லையா என்பதை அளப்பது ரத்தப் பரிசோதனை அல்ல. ‘உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது?’ என்பதில் தொடங்கும் ஐந்து கேள்விகளும் 25 மதிப்பெண்ணும்தான். பணம் கட்டியவருக்குத் தன் பணம் வீண் என்று எழுத மனம் வருமா?

லாட்ஜ் வைத்தியரின் ஆல்பத்தில் உள்ள நன்றிக் கடிதங்கள், ஸ்டெம் செல் மருத்துவமனையின் வீடியோ சாட்சிகள், அத்தனையும் இந்த 22-க்குள் அடங்கிவிடலாம். ஒப்பீட்டுக் குழு வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு மயாமி பல்கலைக்கழகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வே சாட்சி. நோயாளியின் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைச் செறிவாக்கிச் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசியும் ‘மறு உருவாக்க சிகிச்சை’ என்றே விற்கப்படுகிறது. சுமார் 60 பேரில் அதை உப்புநீரோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் இல்லை.

ஆண்மைக்காக எதையும் விலைகொடுத்து வாங்கும் பித்துக்குத் தூத்துக்குடிக் கடற்கரை கொடுத்துவரும் விலையையும் சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாவில் வாழும் கடல் குதிரையும் கடல் அட்டையும் 2001-இல், புலி இருக்கும் அதே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இந்தியாவில் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆனாலும் குடலை எடுத்து, அவித்து, காயவைத்த அட்டை மூட்டைகள் தூத்துக்குடிக் கரையிலும் ராமநாதபுரக் கரையிலும் பிடிபட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. படகு ஏறுவது இலங்கைக்கு. போய்ச் சேருவது கிழக்காசியச் சந்தைக்கு. அங்கே அட்டை விருந்துப் பண்டம், ஆண்மைக்கும் உரம் என்று நம்புகிறார்கள். கடல் குதிரை நேரடியாக ஆண்மைக் குறைவுக்கே மருந்தாம்.

ஆபத்து வந்தால் தன் உள்ளுறுப்பையே வெளியே கக்கிவிட்டு, சில வாரங்களில் புதிதாக வளர்த்துக்கொள்ளும் பிராணி கடல் அட்டை. அது தன் உடம்பைப் புதுப்பித்துக்கொள்வதைப் பார்த்து, தின்றால் நம் உடம்பும் புதுப்பிக்கும் என்று ஒரு சந்தையே நம்பியது. எலி தன் ரத்தக்குழாயைப் புதுப்பித்துக்கொண்டதைக் காட்டி, ஊசி போட்டால் நமக்கும் நடக்கும் என்கிறது இன்னொரு சந்தை. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டியது ஒப்பீட்டு ஆய்வு. அதைத் தாண்டிக் குதித்த பிறகு, ஆய்வகக் கண்ணாடிக் குப்பிக்கும் அட்டை மூட்டைக்கும் என்ன வேறுபாடு? முன்னதில் கடல் தப்பிக்கிறது, அவ்வளவுதான்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் ஆண்மைக் குறைவு உள்பட 54 நோய்களுக்கும் நிலைமைகளுக்கும் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. பாலின்பத் திறனைப் பெருக்குவதாகச் சொல்லும் விளம்பரத்துக்கு அதில் தனித் தடை உண்டு. இப்படிப்பட்ட விளம்பரம் கருத்துச் சுதந்திரத்துக்குள் வராது என்று ஹம்தர்த் தவாகானா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959-லேயே சொல்லிவிட்டது. தண்டனை? முதல் முறை பிடிபட்டால் அதிகபட்சம் ஆறு மாதம், மறுபடி பிடிபட்டால் ஓராண்டு. விளம்பரம் என்றால் என்ன என்று சொல்லும் பிரிவு ஒளி, ஒலி, புகை ஆகியவற்றால் செய்யப்படும் அறிவிப்புகளைப் பட்டியலிடுகிறது. புகை இருக்கிறது; இணையம் பெயர் சொல்லி இல்லை. அதைச் சேர்த்து, நோய்ப் பட்டியலை 78 ஆக்கி, தண்டனையை ஐந்தாண்டு சிறை, 50 லட்சம் ரூபாய் அபராதம்வரை உயர்த்தும் வரைவை மத்திய சுகாதார அமைச்சகம் 2020 பிப்ரவரியில் வெளியிட்டது. அந்த வரைவு அமைச்சக அலமாரியில் தூங்குகிறது. இருந்த 170-ஐத் தூக்க நேரம் கிடைத்தது. வர வேண்டியதை எழுப்ப நேரம் கிடைக்கவில்லை.

ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலில் குழப்பமே கிடையாது. ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர, வேறு எந்த நோய்க்கும் பதிவு பெற்ற ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுப்பது தொழில் முறைகேடு. 2007-இல் வந்த முதல் வழிகாட்டுதலின் தலைப்பில் ஆராய்ச்சியோடு சிகிச்சையும் இருந்தது. 2013-இல் திருத்தியபோது சிகிச்சையை எடுத்துவிட்டார்கள். சிகிச்சை என்று சொல்லிக்கொள்ளும் தகுதி வரவில்லை என்பதற்காகத்தான். ஆட்டிசக் குழந்தைகளுக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியமும் 2022 டிசம்பரில் சொன்னது. வழிகாட்டுதல் சட்டமல்ல என்ற ஓட்டையில்தான் மருத்துவமனைகள் நுழைகின்றன.

நோயாளியின் உரிமை, நம்பிக்கையைப் பறிக்காதீர்கள் என்றெல்லாம் இதற்கு வக்காலத்து வாங்குகிறார்கள். பணத்தைப் பறிப்பவர்கள் நம்பிக்கையைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்கள். விளம்பரக் கட்டுப்பாடு சித்த மருத்துவத்தை நசுக்கும் என்பது இன்னொரு வாதம். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் நடக்கிறது. லாட்ஜில் அறை போட்டா அது நோயாளி பார்க்கிறது? சித்த மருத்துவத்தின் பெயரைக் கெடுப்பவர்களுக்காக சித்த மருத்துவத்தின் பெயரால் வாதாடுவது அநியாயம்.

ஸ்டெம் செல்லில் நிஜ வேலை நடக்கும் இடமும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. 1986 முதல் மஜ்ஜை மாற்று செய்துவருகிறது. அங்கு ஹீமோஃபிலியா ஏ நோயாளிகளின் ரத்த ஸ்டெம் செல்லிலேயே மரபணுவைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து இதழில் வந்தது. பங்கேற்றவர்கள் ஐந்தே பேர். சிகிச்சை பலித்த பின் ஒருவருக்கும் ரத்தப்போக்கு இல்லை. உலகம் வியந்த அந்த முடிவை வைத்துக்கொண்டு அவர்கள் பஸ் நிலையத்தில் நோட்டீஸ் ஒட்டவில்லை.

இந்த வியாபாரத்தில் பணம் போவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஆண்குறிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம். இதயத்துக்குப் போவது மூன்று நான்கு மில்லிமீட்டர். சர்க்கரையும் கொழுப்பும் புகையும் எல்லாக் குழாய்களையும் ஒன்றாகவே கெடுத்தாலும் சிறியது முதலில் அடைபடுகிறது. விறைப்புக் குறைபாடு தெரிந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் மாரடைப்பு வருவது இதய மருத்துவர்கள் நன்கறிந்த வரிசை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. உலகளவில் சர்க்கரை உள்ள ஆண்களில் பாதிக்கு மேல் இந்தக் குறைபாடு இருக்கிறது. உப்பளத்தில் உப்பு வாருகிறவரும் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவரும் உடம்பு அனுப்பிய முதல் எச்சரிக்கையை எடுத்துக்கொண்டு லாட்ஜ் அறைக்குப் போகிறார்கள். அங்கே யாரும் அவர்களுக்கு சுகர் பார்ப்பதில்லை, பிரஷர் பார்ப்பதில்லை.

லேகியத்தில் வேறொரு கண்ணியும் உண்டு. ‘உணவுத் துணைப்பொருள்’ என்று விற்கப்பட்டு, சொல்லாமல் மருந்து கலந்த சரக்கு என்று அமெரிக்க மருந்துத் துறை 2007 முதல் 2016 வரை 776 பொருள்களைக் கண்டுபிடித்தது. அதில் 353 ஆண்மைச் சரக்கு. அவற்றில் அதிகம் கலந்திருந்தது சில்டெனாஃபில். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் சார்பிட்ரேட் வைப்பவர் அப்படியொரு லேகியத்தைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். வெறும் மாவாக இருந்தால் அவர் தப்பித்தார்.

2021 ஆகஸ்ட் 5 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடு வீடாகப் போய் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பார்க்கிறது. வாசலில் நிற்கும் தன்னார்வலர் அக்காவிடம் விறைப்புக் குறைபாட்டை எவரும் சொல்ல மாட்டார். ஒட்டப்பிடாரம் அரசு மருத்துவமனையிலும் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியிலும் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் ஆண்களிடம் அந்த ஐந்து கேள்வித் தாளைத் தமிழில் கொடுத்து, மடித்துப் போடச் சொல்ல ஒரு பெட்டி வைக்கலாம். தேறாதவரை ஓர் ஆண் மருத்துவர் தனியறையில் பார்க்க வேண்டும். இதயப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பொருந்துமானால் சில்டெனாஃபிலை அரசே கொடுக்க வேண்டும். மருத்துவச் சீட்டோடு வாங்கும் அந்த மாத்திரை இந்தியாவில் மலிவு. இதைச் செய்தால் இந்த மாவட்டத்தில் லாட்ஜ் முகாம்கள் ஒரே ஆண்டில் பாதியாகும்.

ஊசிக்காரர்களுக்கு அது போதாது. ஆய்வு என்று சொல்லிக்கொண்டு கட்டணம் வாங்கும் ஒவ்வொரு மருத்துவமனையையும் பூட்டி முத்திரை வைக்க வேண்டும். மருத்துவரின் பதிவை ரத்து செய்ய வேண்டும். விளம்பரக் காசு வாங்கிய பத்திரிகையும் சேனலும் சமூக ஊடக நிறுவனமும் அதே குற்றப்பத்திரிகையில் ஏற வேண்டும். பொதுமக்கள் புகார் சொல்ல மாநிலங்கள் இரண்டு மாதத்துக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 26-இல் உத்தரவிட்டது. புகார் எண்ணை எந்தச் சுவரில் எழுதினால் சரியான கண்ணில் படும் என்று அரசுக்குத் தெரியாதா? பஸ் நிலையக் கழிப்பறையில் நோட்டீஸைக் கிழித்துவிட்டு, அதே இடத்தில் பெயின்ட்டால் எழுதச் சொல்லுங்கள்.