சாமி பெயரை வைத்தால் மட்டும் போதுமா?

"நம்ம கையில என்ன இருக்கு? எல்லாம் சாமி விட்ட வழி."

தாயில்பட்டி பக்கம் எந்தப் பட்டாசு விபத்துக்குப் பிறகும் காதில் விழும் வார்த்தை இது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இதைச் சொன்னால் அதில் குறை காண யாருக்கும் உரிமை இல்லை. அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு ஆறுதல்தான். ஆனால் அதே வார்த்தையை ஆலை முதலாளி சொல்லும்போது? அங்கேதான் இடிக்கிறது!

சொந்த பலத்தை நம்பாதே, கடவுளின் பலத்தை நம்பு என்று பல மதங்கள் சொல்கின்றன. நல்ல போதனைதான். பட்டாசுத் தொழிலில் சொந்த பலம் என்பது என்ன? "இருபது வருஷமா மருந்து கலக்குறேன், என் கைக்குத் தெரியாததா?" என்கிற தைரியம்தான் அது. ஆனால் மருந்துக்கு அனுபவம் தெரியாது. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். கொஞ்சம் உராய்ந்தாலும் தீப்பிடிக்கும். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போதும், ஒரு அறை போய்விடும். எவ்வளவு பழகிய கையாக இருந்தாலும் ஒரு நாள் தவறும்.

விதிகள் எழுதப்பட்டதே அதற்காகத்தான். மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே போகும்முன் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். இரும்புச் சாமான் கூடாது. கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. மனிதன் தன் பலத்துக்கு எல்லை உண்டு என்று ஒப்புக்கொண்டு எழுதிய வரிகள் இவை. அந்த அடக்கத்துக்குப் பெயர்தானே பக்தி?

நடப்பது என்ன? 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. வெடித்த ஆலையின் பெயர் ஓம் சக்தி. இறந்தவர்கள் 35 பேருக்கும் மேல். அதில் உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்தாரும் உண்டு. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். ஆலையின் பெயர் ஸ்ரீ மாரியம்மாள். 20 பேருக்கும் மேல் பலி. லைசென்ஸ் ஒருவர் பெயரில், உள்ளே குத்தகைக்கு எடுத்து வேலை நடத்தியவர்கள் வேறு. அதே வருடம் ஜூன் மாதம் தாயில்பட்டியிலேயே ஒரு வீட்டில் கள்ளத்தனமாகச் செய்த பட்டாசு வெடித்தது. செத்தவர்களில் ஒன்று சின்னக் குழந்தை.

போர்டில் அம்மன் பெயர். உள்ளே நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் எத்தனை பேர்? இதற்குக் கடவுள் நம்பிக்கை என்று பெயரா? லாபத்தைத் தான் எடுத்துக்கொண்டு பழியைச் சாமி தலையில் போடுவதற்கு வேறு பெயர் உண்டு.

கஜேந்திரன் கதை எல்லோருக்கும் தெரியும். முதலை காலைக் கவ்வியதும் யானை தன் பலத்தை நம்பி இழுத்துப் பார்த்தது. முடியாமல் போன பிறகுதான் ஆதிமூலத்தைக் கூப்பிட்டது. ஆனால் பெருமாள் வருவார் என்ற தைரியத்தில் அது வேண்டுமென்றே முதலை வாயில் காலை வைக்கவில்லை! பைபிளிலும் அப்படித்தான். தேவதூதர்கள் தாங்குவார்கள், கோயில் உச்சியிலிருந்து குதி என்று சாத்தான் சொன்னபோது இயேசு குதிக்கவில்லை. கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார்.

இங்கே கொடுமை என்னவென்றால், குதிக்கச் சொல்பவர் ஒருவர், குதிப்பவர் இன்னொருவர். பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவர் நிதானமாகச் செய்தால் கூலி குறையும். தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் கழுத்தை நெரிக்கும். அவரிடம் போய் "கடவுளை நம்பு" என்று உபதேசம் செய்வது சுலபம். அந்த உபதேசம் முதலில் போக வேண்டிய இடம் முதலாளியின் அறை. விதியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் அதிகாரியின் மேசைக்கும் அது போக வேண்டும்.

உண்மையிலேயே கடவுளை நம்புகிறவர் ஐந்தாவது ஆளை அந்த அறைக்குள் விடமாட்டார். அன்றைக்கு நாலு பெட்டி குறையும், அவ்வளவுதான். அதை அவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுவதுதான் நம்பிக்கை. பெட்டிக்கணக்கில் கடவுளை நம்பாதவர், ஆள் உயிரில் மட்டும் நம்புகிறேன் என்றால் யார் நம்புவது?